மரத்தையே எழுதவைத்தவர்

மூன்றாம் ஆண்டு, தாவரவியல்

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரத்திலிருந்து நம் கல்லூரிக்கு வரும் நண்பர்களே! நம் ஊர்ப் பெயர்களைச் சற்று எண்ணிப் பாருங்கள். வேல மரங்கள் அடர்ந்த காடு திருவேற்காடு. முல்லைக் கொடியின் பெயரைத் தாங்கியது திருமுல்லைவாயில். பூவிருந்தவல்லியின் பெயரிலேயே பூ இருக்கிறது. இவ்வூர்களில் வாழும் சிறுவருள் எத்தனை பேர் கருவேல மரத்தையும் சீமைக்கருவேல மரத்தையும் பிரித்தறிவர்? முன்னதன் பூ மஞ்சள் உருண்டை. பின்னதன் பூ நீண்ட கதிர். இவ்வளவுதான் வேறுபாடு காணும் வழி. ஆனால் நின்று பார்க்கச் சொல்லித்தர ஆள் வேண்டுமே! அப்படிச் சொல்லித்தர விழைந்த எனக்கு வழிகாட்டியாய் வாய்த்தது ஜகதீச சந்திர போஸின் வாழ்க்கை.

1858 நவம்பர் 30ஆம் நாள், இன்று வங்காள தேசமாக இருக்கும் கிழக்கு வங்காளத்தில் அவர் பிறந்தார். தந்தையார் பகவான் சந்திர போஸ் பரீத்பூரில் துணை மாஜிஸ்திரேட்டாக இருந்தவர். அந்நாளில் அத்தகைய அதிகாரிகளின் பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிக்குச் செல்வதே வழக்கம். அவரோ தம் மகனைத் தாய்மொழிப் பள்ளிக்கு அனுப்பினார். அங்கே ஜகதீசரின் ஒருபுறம் தந்தையிடம் வேலை பார்த்த ஓர் இஸ்லாமியரின் மகன்; மறுபுறம் ஒரு மீனவரின் மகன். பறவை, விலங்கு, நீர்வாழ் உயிர்கள் பற்றிய கதைகளை அவர்கள் சொல்லச் சொல்ல, சிறுவன் வாய்பிளந்து கேட்டான். இயற்கையை ஆராயும் ஆவல் அந்தப் பள்ளி மணைப்பலகையிலேயே முளைவிட்டது எனலாம்.

கல்கத்தாவின் செயின்ட் சேவியர் கல்லூரியிலும், பின்னர் கேம்பிரிட்ஜிலும் பயின்ற அவர், 1885இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியரானார். வெள்ளையருக்குக் கொடுத்த ஊதியம் இந்தியருக்கு மறுக்கப்பட்டது. குறைந்த ஊதியத்தைத் தொடவே மாட்டேன் என்று மூன்றாண்டுகள் ஊதியமின்றியே பணியாற்றி, முடிவில் தம் உரிமையை வென்றார். கம்பியில்லா மின்னலைகளைச் சுவர்களுக்கு ஊடே செலுத்தி மணியடிக்கச் செய்து உலகை வியக்கவைத்தார்.

அதே காலத்தில் அவர் செய்த இன்னொரு செயலைப் பலர் அறியார். 1895இல் வெளிவரத் தொடங்கிய முகுல் என்னும் வங்காளச் சிறுவர் இதழில், குழந்தைகளுக்காக மரங்களைப் பற்றி அவர் எழுதினார். வித்து எப்படி உறங்குகிறது, எப்படிக் கண்விழிக்கிறது, தாய்மரம் தன் வித்துகளை எப்படிப் பேணுகிறது என்றெல்லாம் பேச்சு நடையில் சொன்னார். செடித் தொட்டி ஒன்றைத் தலைகீழாகத் தொங்கவிட்டால், ஓரிரு நாளில் செடி மேல்நோக்கி வளைந்துவிடுவதைக் காட்டினார். இதற்கு ஆய்வுக்கூடம் எதற்கு? ஒரு தொட்டியும் ஒரு கயிறும் போதுமே!

தமிழ் வழியில் பயின்று கல்லூரிக்கு வந்தவன் நான். முதலாண்டு வகுப்பில், அறிவியல் என்பது வேறொருவர் வீட்டுச் சொத்தோ என்று மனம் குன்றியதுண்டு. உலகப் புகழ் பெற்ற விஞ்ஞானி ஒருவர் தாய்மொழிப் பள்ளியில் தொடங்கித் தாய்மொழியிலேயே குழந்தைகளுக்கு எழுதினார் என்று படித்தபோது அந்தக் குறை கரைந்தது. தெருப் பிள்ளைகளுக்கு மாலை வேளையில் மரம் காட்டும் துணிவும் அன்றே பிறந்தது.

அவர்களுக்கு நான் முதலில் சொன்னது பரீத்பூர் ஈச்ச மரத்தின் கதை. சாய்ந்து நின்ற அம்மரம், கோயில் மணி ஒலிக்கும் மாலைப் பொழுதில் தலைதாழ்த்தி வணங்குவதாகவும், காலையில் நிமிர்வதாகவும் மக்கள் கண்டு மெய்சிலிர்த்தனர். போஸ் அவர்களை எள்ளி நகையாடவில்லை. கண்டதைப் பொய் என்றும் தள்ளவில்லை. மரத்தின் அசைவைத் தானே குறிக்கும் கருவியைப் பொருத்தினார். வெப்பம் ஏற ஏற மரம் தாழ்ந்தது. குளிரக் குளிர நிமிர்ந்தது. பின்னர் அம்மரம் பட்டுப்போனபோது அசைவும் நின்றது. உயிருள்ள மரமே வெப்பத்துக்கு விடை கூறியது என்பது தெளிவாயிற்று.

கதை முடிந்ததும் எங்கள் சாலையோரத் தூங்குமூஞ்சி மரத்தடிக்குச் சென்றோம். மரம் நம்மைப் போலத்தான் தூங்குகிறது என்றாள் ஒரு சிறுமி. நான் மறுக்கவில்லை, இலை மூடும் நேரத்தை நாள்தோறும் நோட்டில் குறிக்கச் சொன்னேன். இரண்டு வாரத்தில் அவளே ஒரு கேள்வியுடன் வந்தாள்: மேகம் கவிந்த நாளில் மட்டும் மரம் ஏன் முன்னதாகவே தூங்குகிறது? இலைக்காம்பின் அடியில் சிறு புடைப்பு உண்டு. அதன் ஒருபுறத்து உயிரணுக்களில் நீர் நிறைந்து மறுபுறம் குறையும்போது இலை மடிகிறது. ஒளி குறைவது அதற்கொரு தூண்டுதல் என்று அப்போதுதான் விளக்கினேன். கேள்வி பிறந்த பின் வந்த விடை ஆதலால், அது அவள் மனத்தில் பசுமரத்தாணி போல் பதிந்தது.

செடியின் நுண்ணிய வளர்ச்சியைப் பன்மடங்கு பெருக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃப் கருவியையும் போஸ் அமைத்தார். தொட்டாற்சிணுங்கியும் தொழுகண்ணியும் தம் அசைவைப் புகையேற்றிய கண்ணாடித் தகட்டில் தாமே வரைந்து காட்டின. தாவரங்களில் மின் சைகைகள் ஓடுகின்றன என்பதை இன்றைய அறிவியலும் ஏற்கிறது. ஆயினும் செடிக்கு நரம்புமில்லை, மூளையுமில்லை. நம்மைப் போல் அது வலியில் துடிக்கிறது என்பதற்குச் சான்றில்லை. மரத்தில் நீர் ஏறுவது குறித்து அவர் கூறிய கொள்கையையும் இன்றைய பாடநூல்கள் ஏற்பதில்லை. இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் வேண்டும். மாமேதையின் கூற்றையும் சோதித்துப் பார்ப்பதே அவர் காட்டிய நெறியன்றோ!

1917இல் தம் பிறந்த நாளன்றே கல்கத்தாவில் போஸ் ஆய்வு நிலையத்தைத் தொடங்கினார். 1920இல் இலண்டன் ராயல் கழக உறுப்பினரானார். 1937 நவம்பர் 23ஆம் நாள் கிரிடியில் மறைந்தார்.

ஆசிரியப் பணியை நாடிச் செல்லும் தோழர்களே, தோழியரே! ஆய்வுக்கூடம் இல்லாத பள்ளிகள் உங்களுக்கு வாய்க்கலாம். ஆனால் வாசலில் ஒரு வேம்போ புங்கமோ நிற்கும். இலத்தீன் பெயரைப் பிறகு சொல்லலாம். முதலில் பிள்ளைகளை அதன் நிழலுக்கு அழைத்துச் செல்லுங்கள், தமிழில் கேட்கவிடுங்கள். விடையை மரம் எழுதும்.