இடக்கை வாத்தியக்காரர் பழனி சுப்பிரமணிய பிள்ளை

நமது கந்தர்வக்கோட்டை வழியே செல்லும் நெடுஞ்சாலையின் ஒரு திசையில் தஞ்சாவூரும் மறு திசையில் புதுக்கோட்டையும் இருப்பதை நாம் அறிவோம். இவ்விரு நகரங்களின் பெயராலும் மிருதங்கத்தில் இரு பெரும் பாணிகள் விளங்கி வருகின்றன என்பதை இளைஞர்கள் பலர் அறியார். அவற்றுள் புதுக்கோட்டைப் பாணிக்குப் பெருமை சேர்த்த பழனி சுப்பிரமணிய பிள்ளையின் வாழ்க்கை நாம் யாவரும் அறிந்து பயன்பெறத் தக்கது.

புதுக்கோட்டைப் பாணியின் மூலபுருடர் மான்பூண்டியா பிள்ளை. தவில் வித்துவான் ஒருவரிடம் லயம் பயின்ற அவரே, பலாமர வளையத்தில் உடும்புத் தோல் போர்த்திய கஞ்சிராவைக் கர்நாடக இசை மேடைக்குக் கொண்டுவந்தவர். அவருடைய சீடர்களுள் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளை (1875–1936) மிருதங்கம், கஞ்சிரா இரண்டிலும் இணையற்றவராய் விளங்கினார். மற்றொரு சீடர் பழனி முத்தையா பிள்ளை. இவருடைய மைந்தராக 1908-ஆம் ஆண்டு பிறந்தவரே சுப்பிரமணிய பிள்ளை.

வித்துவான் வீட்டில் பிறந்தும் வித்தை அவருக்கு எளிதில் கிட்டவில்லை. காரணம், அவர் இடக்கைப் பழக்கம் உடையவர். மிருதங்கத்தின் வலந்தலையை வலக்கையாலும் தொப்பியை இடக்கையாலும் வாசிப்பதே வழக்கம். இவருக்கோ எல்லாம் தலைகீழ். ஆகவே தந்தையாரும் தொடக்கத்தில் ஊக்கம் காட்டவில்லை. எனினும் சிறுவரின் ஆர்வம் தணியவில்லை. பின்னர் தந்தையே குருவானார். கடுமையான சாதகத்தால் கணக்கிலும் நாதத்திலும் தேர்ச்சி பெற்றார்.

மேடை ஏறிய பிறகும் சோதனை தீரவில்லை. வலந்தலை சபையை நோக்கி இருக்க வேண்டும் என்பதால் மிருதங்கக்காரர் பாடகரின் வலப்புறம் அமர்வார். வயலின்காரர் இடப்புறம் அமர்வார். இடக்கைக்காரர் வாசிப்பதென்றால் இருவரும் இடம் மாற வேண்டும். இதற்கு இணங்க வயலின் வித்துவான்கள் சிலர் தயங்கினர். திறமை இருந்தும், உட்கார இடமில்லாத நிலை! அக்காலத்தில் கைகொடுத்து ஆதரித்தவர் செம்பை வைத்தியநாத பாகவதர். தம் கச்சேரிகளில் வாய்ப்பளித்து இளைஞரை உலகறியச் செய்த பெருந்தன்மை அவருடையது.

அதன்பின் சுப்பிரமணிய பிள்ளைக்கு ஏறுமுகமே. ஜி. என். பாலசுப்பிரமணியம், ஆலத்தூர் சகோதரர்கள் முதலிய முன்னணிப் பாடகர்களுக்கு வாசித்தார். தொப்பியில் அவர் எழுப்பிய கும்கி நாதமும், பாட்டின் போக்கறிந்து அடங்கி ஒலிக்கும் இங்கிதமும் ரசிகர்களைக் கவர்ந்தன. கடினமான கணக்கும் அவர் கையில் இனிமையாகவே ஒலித்தது.

தஞ்சாவூர் வைத்தியநாத ஐயரின் சீடரான பாலக்காடு மணி ஐயர் அக்காலத்தில் மிருதங்கச் சக்கரவர்த்தியாய்த் திகழ்ந்தார். அவர் மிருதங்கம் வாசித்த பல கச்சேரிகளில் சுப்பிரமணிய பிள்ளை கஞ்சிரா ஏந்தி அமர்ந்தார். தாமே முதல்தர மிருதங்க வித்துவானாய் இருந்தும், துணை வாத்தியம் வாசிப்பதைத் தாழ்வாக அவர் எண்ணவில்லை. தஞ்சாவூரும் புதுக்கோட்டையும் போட்டியிட்டும் கைகோத்தும் ஒலித்த அக்கச்சேரிகள் ரசிகர்களுக்குப் பெருவிருந்தாயின.

1962-ஆம் ஆண்டு, ஐம்பத்து நான்கு வயதளவிலேயே அவர் மறைந்தார். ஆனால் வித்தை மறையவில்லை. 1955-ல் பதின்மூன்று வயதில் குருவுடன் மேடையேறிய சீடர் திருச்சி சங்கரன், 1971-ல் கனடா நாட்டு டொராண்டோ நகரின் யார்க் பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணி ஏற்றார். அங்கு அயல்நாட்டு மாணவர்களுக்குப் பல்லாண்டுகள் மிருதங்கம் கற்பித்ததோடு, ஜாஸ் இசைக் கலைஞர்களுடனும் இணைந்து வாசித்தார். புதுக்கோட்டைச் சீமையில் பிறந்த சொற்கட்டுகள் கடல் கடந்தும் முழங்கின.

பெற்றோர்களே, இடக்கையால் எழுதும் பிள்ளையை அதட்டி வலக்கைக்கு மாற்ற முயல்வோர் நம்மிடையே உண்டு. மற்றவரைப் போல் இல்லாதது குறையாகிவிடாது. செம்பை பாகவதர் செய்தது பெரிய உபகாரமெனினும், செயல் சிறியதே: உட்கார இடம் மாற்றிக் கொடுத்தார். ஒரு கலைஞரின் வாழ்வுக்கு அதுவே வழி திறந்தது. நம் இல்லங்களிலும் பள்ளிகளிலும் அவ்வாறு இடம் கேட்டு நிற்கும் சிறுவர் யாரேனும் உளரோ என்று நாம் கண் திறந்து பார்ப்போமாக.