சிந்தாமணியின் கதை கேட்ட சாமிநாதையர்

மகாமகோபாத்தியாய டாக்டர் உ.வே. சாமிநாதையர் அவர்களின் திருப்பெயரை அறியாத தமிழ்ச் சமண இல்லம் இராது. சீவக சிந்தாமணியை முழுமையாக அச்சேற்றித் தந்த பெருமகனார் என்று அவரை நன்றியோடு நினைக்கிறோம். ஆயின், அதனைப் பதிப்பிக்கும் முன்னர் அவர் அதன் கதையை எவ்வாறு கற்றார் என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. பல்லாண்டு வகுப்பறையில் நின்றவள் என்ற முறையில், அவர் வாழ்வில் என் உள்ளத்தை மிகவும் கவர்ந்த பகுதி அதுவே.

ஐயரவர்கள் 1855ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 19ஆம் நாள் பிறந்தார். அந்நாளைய தஞ்சை மாவட்டத்து உத்தமதானபுரம் அவர்தம் குடும்பத்தின் ஊர். தந்தையார் வேங்கட சுப்பையர் இசைவாணர். ஊர்தோறும் சென்று இராமாயணக் கதை சொல்லிக் குடும்பத்தை நடத்தியவர். ஆகவே கதை கேட்கும் பயிற்சி ஐயருக்கு இளமையிலேயே வாய்த்தது. 1871இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் மாணவராகச் சேர்ந்து, 1876இல் ஆசிரியர் மறையும் வரை உடனிருந்து கற்றார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, தலபுராணம் என அவர் கற்ற நூல்கள் பல. 1880இல் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியரானார்.

அவ்வாண்டு அக்டோபர்த் திங்கள் 21ஆம் நாள் அவர் வாழ்வின் திருப்புமுனை. கும்பகோணத்தில் முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரை அன்று அவர் கண்டார். தாம் கற்ற நூல்களின் பெயர்களையெல்லாம் அடுக்கினார். முதலியாரோ அவற்றால் வியப்படையாமல், சிந்தாமணி போன்ற பழைய நூல்களைக் கற்றதுண்டா என்று வினவினார். இருபத்தைந்து வயதுப் புலவர் இல்லையென ஒப்புக்கொள்ள நேர்ந்தது. பின்னர் முதலியார் தம்மிடமிருந்த சிந்தாமணிப் பிரதியை அவரிடம் ஒப்படைத்தார்.

அந்நாளில் சிந்தாமணி முழுவதும் அச்சில் இல்லை. பவர் என்னும் பாதிரியார் 1868இல் நாமகள் இலம்பகத்தை மட்டும் வெளியிட்டிருந்தார். பதின்மூன்று இலம்பகங்களுள் முதலாவது மட்டும் அது. கதையின் வாயிலைத் திறந்து காட்டிய அளவில் அச்சு நின்றுவிட்டது. எஞ்சியவை ஏட்டுச் சுவடிகளில் இருந்தன.

ஏட்டைப் படிப்பது எளிதன்று. பழைய சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேறுபாடு தோன்றாது. ரகரமும் காலும் ஒரே வடிவினவாக இருக்கும். சொல் எங்கே முடிகிறது, பேசுபவர் யார், கேட்பவர் யார் என்பவற்றை வரிவடிவம் சொல்லாது. கதை தெரிந்தவரே உணர முடியும். கதை தெரியாதவர் ஒரு சொல்லைப் பலவாறு படித்து மயங்குவார். இலக்கணப் புலமை மிக்க ஐயருக்கும் இந்த இடர் நேர்ந்தது. நச்சினார்க்கினியர் உரையில் வரும் சமண சமயச் செய்திகளும் அவருக்குப் புதியனவாக இருந்தன.

தமக்குத் தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்பதற்கு அவர் நாணவில்லை. கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர் இல்லங்களை நாடிச் சென்றார். அவர் சென்ற வீட்டில் அப்போது சிந்தாமணி பாராயணம் நிறைவுற்று விழாக்கோலம் பூண்டிருந்தது. அந்நூல் ஒரு குடும்பத்தின் கூடத்தில் வழிபாட்டு நூலாக வாழ்ந்து கொண்டிருந்தது. சந்திரநாத செட்டியார், வீடூர் அப்பாசாமி நயினார் முதலியோர் அவர் ஐயங்களைப் பரிவோடு தீர்த்து வைத்தனர். நாள்தோறும் சமண நூற்செய்திகளையே பேசி வந்த அவரைப் பவ்ய சீவர் என்று கருதியவரும் அவ்வில்லங்களில் உண்டு.

நம் முன்னோர் அவருக்கு அளித்த உதவி சொற்பொருள் விளக்கம் மட்டுமன்று. கதையை முழுதாகப் பார்க்கும் கண்ணையும் அளித்தனர் என்பேன். இதனைச் சற்று விரித்துரைத்தல் நலம்.

சிந்தாமணியை மேலோட்டமாகப் பார்ப்பவர்க்கு அது ஓர் அரசகுமாரன் பல மகளிரை மணந்த கதை. அமைச்சன் கட்டியங்காரன் சச்சந்தனைக் கொன்று நாட்டைக் கவர்கிறான். அரசி விசயை மயிற்பொறியில் ஏறித் தப்பிச் சுடுகாட்டில் சீவகனைப் பெறுகிறாள். கந்துக்கடன் என்னும் வணிகன் அக்குழந்தையை எடுத்து வளர்க்கிறான். வளர்ந்த சீவகன் பல மணம் புரிந்து, பகைவனை வென்று, நாட்டை மீட்கிறான். இதுபற்றியே மணநூல் என்னும் பெயரும் அதற்கு வந்தது. துறவியாகிய திருத்தக்க தேவர் இத்தகைய நூலைப் பாடலாமா என்று குறை கூறுவோரும் உளர்.

இலம்பகங்களின் பெயர்களை வரிசையாக நோக்கினால் கதையின் அமைப்பு விளங்கும். முதலில் நாமகள், அது கல்வி. பின்னர்க் காந்தருவதத்தை, குணமாலை முதலிய மகளிர். பின்பு மண்மகள், பூமகள். இறுதியில் முத்தி. கல்வியும், நாடும், செல்வமும், வீடுபேறும் மணமகளிராகவே நிறுத்தப்பட்டுள்ளன. ஏனைய மணங்கள் யாவும் அந்த இறுதி மணத்தை நோக்கிச் செல்லும் படிகள்.

முத்தி இலம்பகத்தில் சீவகன் சோலையில் ஒரு காட்சியைக் காண்கிறான். ஆண்குரங்கு தன் துணைக்குப் பலாச்சுளை ஊட்ட, காவலன் அவற்றை விரட்டிப் பழத்தைப் பறித்துக் கொள்கிறான். குரங்கு கட்டியங்காரனாகவும், காவலன் தானாகவும், பழம் அரசாட்சியாகவும் சீவகனுக்குப் புலப்படுகிறது. தான் வென்ற வெற்றி பறித்தல் என்று அவன் உணரும் இடம் அது. அதன் பின்னரே முற்பிறப்புச் செய்தி வருகிறது. அசோதரன் என்னும் இளவரசனாக இருந்தபோது அவன் அன்னப் பார்ப்பு ஒன்றை அதன் பெற்றோரிடமிருந்து பிரித்து வைத்தான். அவ்வினையே பெற்றோரைப் பிரிந்து சுடுகாட்டில் பிறக்கச் செய்தது. முதல் இலம்பகத்தில் எழும் ஏன் என்னும் வினாவுக்குக் கடைசி இலம்பகத்தில்தான் விடை கிடைக்கிறது. நடுவில் நிறுத்தியவர் இன்ப நூல் என்பர். முடிவு வரை சென்றவர் அறநூல் என்பர்.

சைவச் சூழலில் வளர்ந்தவர் சமண நூலுக்கு இத்துணை உழைப்பதா என்று குறைகூறியவர்களும் இருந்தனர். ஐயர் தளரவில்லை. பல பிரதிகளை ஒப்புநோக்கி, 1887இல் நச்சினார்க்கினியர் உரையுடன் நூலை வெளியிட்டார். அத்தோடு அமையாமல் 1907இலும் 1922இலும் திருத்திய பதிப்புகளைக் கொணர்ந்தார். இடையே பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை முதலியன அவர் கையால் வெளிவந்தன.

சிந்தாமணி கற்பித்த பாடத்தை அவர் பிற்காலத்தும் கைவிடவில்லை. மணிமேகலைக்கு எளிய உரைநடையில் கதைச் சுருக்கம் எழுதினார். கொங்குவேளிர் இயற்றிய பெருங்கதையை 1924இல் பதிப்பித்தபோது, அதன் முதலும் முடிவும் அவருக்குக் கிடைக்கவில்லை. தலையும் காலும் இல்லாத கதையைப் படிப்பவர் திகைக்காதிருக்க, உதயணன் சரித்திரச் சுருக்கத்தை எழுதியளித்தார். உதயணகுமார காவியத்தையும் 1935இல் வெளியிட்டார். இவை இரண்டும் சமணர் தந்த செல்வங்கள். 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் திருக்கழுக்குன்றத்தில் அவர் இயற்கை எய்தினார்.

கதைச்செய்யுளை நடத்தும் முன் கதையைச் சொல்க என்று ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குக் கற்பித்தனர். அது குழந்தைகளை மகிழ்விக்கும் உத்தி என்றே அக்காலத்தில் நினைத்தேன். ஐயரவர்கள் வாழ்வைப் படித்த பின்னரே, கதையே பொருளுக்குத் திறவுகோல் என்பதை உணர்ந்தேன்.

இன்றைய பிள்ளைகள் திரைப்படத்திலும் கணினி விளையாட்டிலும் கதைகளைக் காண்கின்றனர். அதனைக் குறை சொல்ல வேண்டுவதில்லை. இது ஏன் நிகழ்ந்தது, முடிவு தொடக்கத்தோடு எவ்வாறு பொருந்துகிறது என்று அவர்களைக் கேட்போம். அவ்வாறே ஒரு மாலைப்பொழுதில் சீவகன் கதையை மயிற்பொறி தொடங்கி அன்னப் பார்ப்பு வரை நிறுத்தாமல் சொல்வோம். அன்று கும்பகோணத்தில் கேட்க வந்தவருக்குச் சொல்ல நம் இல்லங்களில் கதை இருந்தது. நாளை ஒருவர் வந்து கேட்டால், நம் பிள்ளைகளிடமும் அது இருத்தல் வேண்டும்.