வளைகோல் ஏந்திய வீரர்

சோட்டா நாகபுரி என்பது மலையும் காடும் செறிந்த மேட்டு நிலம். முண்டர் எனப்படும் பழங்குடியினர் அங்கே தொன்றுதொட்டு வாழ்ந்து வருகின்றனர். ராஞ்சியை அடுத்த குந்திப் பகுதியில், டக்ரா என்னும் சிற்றூரில், அக்குடியிலே 1903ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 3ஆம் நாள் ஜெய்பால் சிங் தோன்றினார். இளமையில் மாடு மேய்ப்பதே அவர் தொழிலாக இருந்தது. பின்னர் ராஞ்சியில் உள்ள தூய பவுல் பள்ளியிற் சேர்ந்தார். அவருடைய அறிவுக் கூர்மையைக் கண்ட பள்ளித் தலைவர் காஸ்கிரேவ் பாதிரியார், 1918ஆம் ஆண்டில் அவரை இங்கிலாந்திற்கு அழைத்துச் சென்றார். அங்கே ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்துத் தூய யோவான் கல்லூரியில் ஜெய்பால் சிங் பயின்று, பொருளியலிற் பட்டம் பெற்றார்.

ஹாக்கி என்று வழங்கும் வளைகோற்பந்தாட்டம் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. இவ்வாட்டத்தில் அணி ஒன்றுக்குப் பதினொருவர் உண்டு. முன்னணியில் நிற்போர் பந்தை எதிரியின் இலக்கினுட் செலுத்துவர். பின்காவலர் தம் இலக்கைக் காத்து நிற்பர். முன்னணியாளர் திறம் காண்போர்க்கு எளிதிற் புலனாகும். காவலர் அருமையோ, காவல் தளரும்போதுதான் விளங்கும். ஜெய்பால் சிங் பின்காவலராய் நின்று பெயர் பெற்றார்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தை எதிர்த்து ஆடும் ஆக்ஸ்போர்டு வீரர்க்கு, நீலம் எனப் பொருள்படும் புளூ என்ற சிறப்பு அளிக்கப்படும். அச்சிறப்பை அவர் பெற்றார். விம்பிள்டன் என்னும் ஊரின் கழக அணியிலும் இடம் பெற்றார். அக்காலத்தில் ஆங்கிலேயர் ஆள்வோர், இந்தியர் ஆளப்படுவோர். எனினும், ஆடுகளத்தில் அவர் ஆங்கில இளைஞரோடு தோளொடு தோள் நின்று ஆடினார்.

பட்டம் பெற்றபின், ஐ.சி.எஸ். என்னும் உயர்ந்த ஆட்சிப் பணிக்கு அவர் தேர்ந்தெடுக்கப்பெற்றார். அப்பணிக்குரிய பயிற்சியில் இருந்தபோது, 1928ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் நகரில் நடைபெறவிருந்த ஒலிம்பிக் பந்தயத்தில் இந்திய வளைகோற்பந்து அணிக்குத் தலைமை தாங்குமாறு அவருக்கு அழைப்பு வந்தது. விடுமுறை வேண்டினார், மேலிடத்தார் மறுத்தனர். ஒருபுறம் வாழ்நாள் முழுவதும் செல்வமும் அதிகாரமும் தரும் பதவி. மறுபுறம் சில நாள் ஆட்டம். ஆயினும், அவ்வாட்டத்தில் தாய்நாட்டின் பெயர் அடங்கியிருந்தது. இசைவு பெறாமலே அவர் ஆம்ஸ்டர்டாம் சென்றார்.

ஒலிம்பிக் வளைகோற்பந்தில் இந்தியா கலந்துகொண்டது அதுவே முதன்முறை. அணியினரிடையே தியான்சந்து என்னும் ஒப்பற்ற வீரரும் இருந்தார். அணியை நடத்தியோருடன் எழுந்த கருத்து வேற்றுமையால் ஜெய்பால் சிங் இறுதிப் போட்டியில் ஆடவில்லை. எனினும், மே 26ஆம் நாள் நெதர்லாந்தை 3-0 என்ற கணக்கில் வென்று இந்தியா தங்கப் பதக்கம் பெற்றது. ஐந்து ஆட்டங்களில் இந்தியர் செலுத்திய பந்துகள் 29. எதிரிகள் செலுத்தியது ஒன்றேனும் இல்லை.

மீண்டு வந்த அவரை, இசைவின்றிச் சென்றதற்காக மேலும் ஓராண்டு பயிற்சி பெறுமாறு மேலிடத்தார் பணித்தனர். அதற்கு இணங்காது அவர் அப்பதவியையே துறந்தார். பின்பு ஆப்பிரிக்காவில் அச்சிமோட்டாக் கல்லூரியிலும், நம் நாட்டில் ராய்ப்பூர் அரசகுமாரர் கல்லூரியிலும் கல்விப் பணி புரிந்தார். 1939ஆம் ஆண்டில் ஆதிவாசி மகாசபையின் தலைமையை ஏற்று, நிலமும் காடும் இழந்து வாடிய தம் மக்களுக்காக உழைக்கலானார். 1946இல் அரசியல் நிருணய சபையின் உறுப்பினராகி, பழங்குடியினர் உரிமைகளை அஞ்சாது எடுத்துரைத்தார். 1952 முதல் மக்களவை உறுப்பினராகப் பணியாற்றி, 1970ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 20ஆம் நாள் மறைந்தார். அவர் வேண்டிய ஜார்க்கண்ட் மாநிலம் 2000ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் உருவாயிற்று.

ஆடுகளத்தில் தம் அணியின் எல்லையைக் காத்தவர், வாழ்வில் தம் மக்களின் உரிமையைக் காத்து நின்றார். இழந்த பதவியை அவர் பெரிதாக எண்ணவில்லை. ஏற்ற கடமைக்காகத் தம் நலத்தை இழக்கத் துணிபவரையே உலகம் நெடுங்காலம் நினைவிற் கொள்ளும்.