அகராதி தந்த ஆசிரியர் நோவா வெப்ஸ்டர்

வண்ணத்தைக் குறிக்கும் 'கலர்' என்னும் ஆங்கிலச் சொல்லை நாம் பள்ளியில் ஆறு எழுத்துகளால் எழுதக் கற்கிறோம். அமெரிக்க நூல்களிலோ அச்சொல் ஐந்து எழுத்துகளோடு நிற்கக் காண்கிறோம். அச்சுப் பிழையோ என ஐயுறுகிறோம். அது பிழையன்று, ஓர் ஆசிரியரின் வாழ்நாள் உழைப்பின் பயன். அவரே நோவா வெப்ஸ்டர்.

அவர் 1758-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள் அமெரிக்காவின் கனெக்டிகட் பகுதியில் உழவர் குடும்பத்தில் பிறந்தார். மகனது கல்வி வேட்கையைக் கண்ட தந்தையார், தம் நிலத்தை அடகு வைத்து அவரை யேல் கல்லூரிக்கு அனுப்பினார். 1778-இல் பட்டம் பெற்று வீடு திரும்பிய மகனிடம் எட்டு டாலர் தாள் ஒன்றைத் தந்து, இனித் தம் வழியைத் தாமே தேடிக்கொள்ளுமாறு கூறினார். விடுதலைப் போர் நடந்த காலமாதலால் அத்தாளின் மதிப்போ பெரிதும் சரிந்திருந்தது. மனம் கலங்கிய வெப்ஸ்டர், பின்னர்த் தேறி ஆசிரியர் பணியை ஏற்றார்.

அக்காலத்தில் அமெரிக்கப் பிள்ளைகள் இங்கிலாந்து நூல்களையே பெரிதும் பயின்றனர். அவர்களுக்கென வெப்ஸ்டர் 1783-இல் எழுத்துக்கூட்டும் பாடநூல் ஒன்றை வெளியிட்டார். நீல அட்டை கொண்ட அந்நூல் காலப்போக்கில் கோடிக்கணக்கில் விற்பனையாயிற்று.

ஒலிக்காத எழுத்துகள் பிள்ளைகளுக்கு வீண் சுமை என அவர் கருதினார். 'கலர்' என்பதிலிருந்து 'யூ' எழுத்தையும், 'மியூசிக்' என்பதன் இறுதியிலிருந்த 'கே' எழுத்தையும் நீக்கினார். இவ்வடிவங்களுள் சில முன்னரே ஆங்காங்கு வழங்கியவை. அவற்றைத் தம் நூல்களால் நிலைபெறச் செய்தவர் அவர். நாவைக் குறிக்கும் ஆறெழுத்துச் சொல்லை நான்கெழுத்தாக்கவும் முயன்றார். மக்கள் அதனை ஏற்கவில்லை. அறிஞர் வகுத்தாலும் மக்கள் வழங்கினாலன்றி எழுத்து நிலைக்காது என்பதை இதனால் அறிகிறோம்.

பல மொழிகளைக் கற்று, இருபதாண்டுகளுக்கு மேல் உழைத்து, ஏறத்தாழ 70,000 சொற்கள் கொண்ட பேரகராதியை 1828-இல் வெளியிட்டார். அதன் இரண்டாம் பதிப்புக்காகத் தள்ளாத வயதில் தம் வீட்டையே அடகு வைத்தார். 1843-ஆம் ஆண்டு மே 28-ஆம் நாள் மறைந்தார்.

மகனின் படிப்புக்காகத் தந்தை நிலத்தை அடகு வைத்தார். மக்களின் படிப்புக்காக மகன் வீட்டை அடகு வைத்தார். நம்மைப் படிக்க வைக்கப் பெற்றோர் சிந்தும் வியர்வையும் அத்தகையதே. நாம் எழுதும் ஒவ்வோர் எழுத்திலும் அதனை நினைவிற் கொள்வோமாக.