மிளகாய்ப் பொடியும் சாட்சியச் சட்டமும்

இந்திய நீதிமன்றங்களில் அடிக்கடி எடுத்துரைக்கப்படும் விதி ஒன்று உண்டு. குற்றம் சாட்டப்பட்டவர் காவல் அதிகாரியிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தை அவருக்கு எதிராக நிரூபிக்கக் கூடாது என்பதே அது. 1872-ஆம் ஆண்டின் இந்திய சாட்சியச் சட்டத்தில் 25-ஆவது பிரிவாக இருந்த அவ்விதி, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியத்தில் 23-ஆவது பிரிவில் தொடர்கிறது. ஒன்றரை நூற்றாண்டைக் கடந்து நின்ற அந்தச் சட்டத்தை வரைந்தவர் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன். வங்கியொன்றில் மோசடி விசாரணைப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அம்மனிதரின் வாழ்க்கையை நான் மீண்டும் மீண்டும் படித்ததுண்டு.

ஸ்டீபன் 1829 மார்ச் 3-ஆம் நாள் லண்டனில் பிறந்தார். பிரிட்டிஷ் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழித்த 1833-ஆம் ஆண்டுச் சட்டத்தை வரைந்த அதிகாரி அவருடைய தந்தை. இளைய சகோதரர் லெஸ்லி ஸ்டீபன், தேசிய வாழ்க்கை வரலாற்று அகராதியின் முதல் பதிப்பாசிரியர். எழுத்தாளர் வர்ஜீனியா உல்ஃபின் தந்தை. ஈட்டன் பள்ளியில் மூத்த மாணவர்களின் கொடுமையை அனுபவித்த ஃபிட்ஸ்ஜேம்ஸ், கேம்பிரிட்ஜில் பயின்று 1854-இல் வழக்குரைஞரானார். வழக்குகள் பெருகாத காலத்தில் பத்திரிகைகளுக்கு எழுதினார். பால் மால் கெஜட் இதழில் மட்டும் அவர் எழுதிய கட்டுரைகள் நூற்றுக்கணக்கானவை. 1863-இல் இங்கிலாந்தின் குற்றவியல் சட்டம் குறித்த அவருடைய நூல் வெளிவந்து, சட்ட உலகில் அவருக்கு ஓர் இடத்தைத் தேடித் தந்தது.

1869-இன் இறுதியில், வைஸ்ராய் மேயோ பிரபுவின் ஆலோசனைக் குழுவில் சட்ட உறுப்பினராக அவர் கல்கத்தா வந்து சேர்ந்தார். ஹென்றி மெய்ன் வகித்த பதவி அது. இந்தியாவில் அவர் இருந்தது இரண்டரை ஆண்டுகளுக்கும் குறைவான காலமே. அதற்குள் சாட்சியச் சட்டம், ஒப்பந்தச் சட்டம், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் ஆகியவற்றை நிறைவேற்றிக் கொடுத்துவிட்டு, 1872 ஏப்ரலில் கப்பல் ஏறினார். சாட்சியச் சட்டத்துக்கென லண்டனில் முன்னரே ஒரு வரைவு தயாராகியிருந்தது. அது இந்தியாவுக்குப் பொருந்தாது என்று ஒதுக்கப்பட்டதால், 167 பிரிவுகள் கொண்ட சட்டத்தை அவர் புதிதாக எழுத வேண்டியதாயிற்று.

அவருக்கு முன்பே இந்த மண்ணில் ஒரு கசப்பான வரலாறு இருந்தது. சென்னை மாகாணத்தில் நிலவரி வசூலுக்காகவும் குற்ற விசாரணைக்காகவும் மக்கள் சித்திரவதை செய்யப்படுவதாக எழுந்த புகார்களை விசாரிக்க ஆணையம் அமைக்கப்பட்டு, அதன் அறிக்கை 1855-இல் வெளிவந்தது. கிட்டி, அண்ணாந்தாள் என்னும் தமிழ்ச் சொற்கள் ஆங்கில அரசு ஆவணத்தில் ஏறிய அவலம் அப்போது நிகழ்ந்தது. கை விரல்களைக் கட்டைகளுக்கு இடையே வைத்து நெரிப்பது கிட்டி. கயிற்றால் உடலை வளைத்துக் கட்டி வெயிலில் நிறுத்துவது அண்ணாந்தாள். காவலரிடம் அளித்த வாக்குமூலத்தை ஏற்கலாகாது என்ற தடை 1861-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் முதன்முதலாக இடம்பெற்றது. அதைச் சாட்சியச் சட்டத்துக்குள் கொண்டுவந்து நிலைபெறச் செய்தவர் ஸ்டீபன்.

அவரை இளகிய மனம் படைத்தவர் என்று எண்ணிவிடக் கூடாது. இந்தியாவில் பிரிட்டிஷ் ஆட்சி படைபலத்தால் அமைந்தது என்பதை அவர் வெளிப்படையாக ஆதரித்தார். ஐரோப்பியரை இந்திய நீதிபதிகள் விசாரிக்க வழிசெய்யும் இல்பர்ட் மசோதாவை 1883-இல் கடுமையாக எதிர்த்தார். ஜான் ஸ்டூவர்ட் மில்லின் சுதந்திரக் கொள்கையை மறுத்து 1873-இல் ஒரு நூலையே வெளியிட்டார். மரண தண்டனையை ஆதரித்தவர். குற்றவாளியைச் சமுதாயம் வெறுப்பது நியாயமே என்று கருதியவர். அத்தகையவரே, வாக்குமூலம் பெறும் அதிகாரியின் கையைக் கட்டிப்போட்டார் என்பதுதான் நம்மைச் சிந்திக்க வைக்கிறது.

அதற்கான விளக்கம் 1883-இல் மூன்று தொகுதிகளாக வெளிவந்த அவருடைய இங்கிலாந்தின் குற்றவியல் சட்ட வரலாற்றில் ஓர் அடிக்குறிப்பாகக் கிடக்கிறது. காவலர்கள் ஏன் கைதிகளை வதைக்கிறார்கள் என்று இந்தியாவில் பேச்சு எழுந்தபோது, அனுபவம் மிக்க அதிகாரி ஒருவர் அதற்குச் சோம்பலே பெரும் காரணம் என்றாராம். வெயிலில் அலைந்து சாட்சியம் தேடுவதைக் காட்டிலும், நிழலில் அமர்ந்து ஓர் ஏழையின் கண்ணில் மிளகாய்ப் பொடியைத் தேய்ப்பது சுகமானது என்பது அந்த அதிகாரியின் கருத்து. ஸ்டீபன் அதைப் பதிவு செய்து வைத்தார். கொடூரத்தின் வேர் எப்போதும் வன்மத்தில்தான் இருக்கிறது என்பதில்லை. வேலையைச் சுருக்கிக்கொள்ளும் ஆசையிலும் அது இருக்கிறது என்பதே நான் அதில் காணும் பாடம்.

அவர் இயற்றிய சட்டத்தின் 24-ஆவது பிரிவு இன்னும் நுட்பமானது. அச்சுறுத்தியோ, ஆசை காட்டியோ, வாக்குறுதி அளித்தோ அதிகாரத்தில் இருப்பவர் பெறும் ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்கிறது அது. இங்கு அதிகாரத்தில் இருப்பவர் காவலராக மட்டுமே இருக்க வேண்டும் என்பதில்லை. அதே ஆண்டில் அவர் நிறைவேற்றிய ஒப்பந்தச் சட்டம், மோசடி என்றால் என்ன என்பதை 17-ஆவது பிரிவில் வரையறுத்ததோடு, சுதந்திரமான சம்மதம் இல்லாத உடன்படிக்கை நிலைக்காது என்றும் கூறியது. கடன் பத்திரமோ குற்ற ஒப்புதலோ, கையெழுத்து மட்டும் போதாது. அதை இட்ட மனம் சுதந்திரமாக இருந்திருக்க வேண்டும் என்பதே இரு சட்டங்களின் பொதுவான அடித்தளம்.

இந்தியாவிலிருந்து திரும்பிய ஸ்டீபன் 1879-இல் உயர் நீதிமன்ற நீதிபதியானார். 1887-இல் இஸ்ரேல் லிப்ஸ்கி என்னும் 22 வயதுத் தொழிலாளி மீதான கொலை வழக்கு அவர்முன் வந்தது. கிழக்கு லண்டனில் ஒரு கர்ப்பிணிப் பெண் நைட்ரிக் அமிலத்தால் கொல்லப்பட்ட வழக்கு அது. ஜூரிகள் சில நிமிடங்களிலேயே குற்றவாளி என்று அறிவித்துவிட்டனர். ஆனால், தீர்ப்பின் மீது ஐயம் எழுந்தது. ஸ்டீபன் முன்பு எழுதிவந்த அதே பால் மால் கெஜட் இதழ் லிப்ஸ்கிக்காகப் போராடியது. தூக்குத் தண்டனை ஒரு வாரம் ஒத்திவைக்கப்பட்டது. உள்துறை அமைச்சர் ஹென்றி மேத்யூஸும் ஸ்டீபனும் ஐயத்தோடு ஆலோசித்துக்கொண்டிருந்த தருணத்தில், யூத குரு ஒருவரிடம் லிப்ஸ்கி அளித்த ஒப்புதல் வாக்குமூலம் வந்து சேர்ந்தது. மறுநாள் ஆகஸ்ட் 22 அன்று அவர் தூக்கிலிடப்பட்டார்.

அந்த வாக்குமூலம் விவாதத்தை முடித்து வைத்தது. ஐயத்தை முழுமையாகப் போக்கியதா என்பது வேறு. கொலைக்குக் காமமே காரணம் என்ற கோணம் நீதிமன்றத்தில் முன்வைக்கப்பட்டிருக்க, திருட வந்ததாக வாக்குமூலம் கூறியது. பிற்காலத்தில் இவ்வழக்கை ஆராய்ந்தவர்கள் அதன் உண்மைத்தன்மையை வினவியுள்ளனர். ஒப்புதல் வாக்குமூலத்தின் வலிமையையும் ஆபத்தையும் சட்டமாக எழுதியவரே, தீர்ப்பளித்த பாரம் நீங்க ஒரு வாக்குமூலத்தில் இளைப்பாற நேர்ந்தது.

1889-இல் அவர் விசாரித்த ஃப்ளாரன்ஸ் மேப்ரிக் வழக்கும் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. மன ஆற்றல் குன்றிவருவதாகப் பேச்சு எழுந்த நிலையில் 1891-இல் பதவி விலகினார். 1894 மார்ச் 11-ஆம் நாள் காலமானார். இங்கிலாந்துக்காக அவர் வரைந்த குற்றவியல் தொகுப்பு அங்கே சட்டமாகவில்லை. கனடா அதைத் தழுவி 1892-இல் தனது தொகுப்பை அமைத்துக்கொண்டது.

மோசடி வழக்குகளுக்கும் இந்த வரலாற்றுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். நேரடித் தொடர்பு உண்டு. மோசடி என்பது கணக்கில் நிகழும் குற்றம். பேரேட்டிலும் பற்றுச்சீட்டிலும் அதன் தடம் இருந்தே தீரும். ஆனால், அத்தடத்தைத் தேட நாள்கள் பல ஆகும். சந்தேகத்துக்குரிய ஊழியரை அறைக்குள் அழைத்து, எழுதிக் கொடுத்தால் வேலைக்கு ஆபத்து இல்லை என்று கூறிக் கையெழுத்து வாங்க ஒரு பிற்பகல் போதும். நான் பார்த்த கோப்பு ஒன்றில், ஒரு காசாளரின் ஒப்புதல் கடிதம் முதல் பக்கத்தில் இருந்தது. அதைப் பெற்ற நாளோடு விசாரணை நின்றுவிட்டது. பல மாதங்களுக்குப் பின் தணிக்கையில் ரசீதுகளை ஒப்பிட்டபோது, பணம் சென்ற இடம் வேறு என்று தெரிந்தது. கடிதத்தில் இருந்த தொகைகூட கணக்கோடு பொருந்தவில்லை. எவரும் கூட்டிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

சட்டத்திலும் இந்த இழுபறி ஓயவில்லை. போதைப்பொருள் தடுப்பு அதிகாரிகளிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தை ஏற்க இயலாது என்று, தமிழ்நாட்டிலிருந்து சென்ற வழக்கொன்றில் உச்சநீதிமன்றம் 2020-இல் பெரும்பான்மைத் தீர்ப்பு வழங்கியது. அதே நீதிமன்றம் 2022-இல், சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அமலாக்கத் துறையினர் காவல் அதிகாரிகள் அல்லர் என்று கூறி, அவர்கள் வாக்குமூலம் பெறும் அதிகாரத்தை உறுதி செய்தது. பெரும் பொருளாதாரக் குற்றங்களில் இன்று கையொப்பமிட்ட வாக்குமூலம் பெறும் எடை அதிகம்.

அதனால்தான் ஸ்டீபனின் அடிக்குறிப்பு இன்றும் பொருளுடையதாகிறது. ஒப்புதல் வாக்குமூலமே கூடாது என்று அவர் சொல்லவில்லை. நீதித்துறை நடுவர் முன் சுதந்திரமாக அளிக்கப்படும் வாக்குமூலத்துக்கு அவர் இடம் வைத்தார். எளிய வழி திறந்திருக்கும்வரை கடின வழியில் எவரும் நடக்கமாட்டார் என்பதை அறிந்து, எளிய வழியை அடைத்தார். விசாரணை அறைக்குள் நுழையும் அதிகாரி, அந்தக் கையெழுத்து இல்லாவிட்டாலும் தன் வழக்கு நிற்குமா என்று முதலில் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். நிற்காது எனில், அவர் செல்ல வேண்டிய இடம் ஆவண அறை.