மைந்தனைத் தேடிய தந்தை

ஆங்கிலப் புலவர் கிப்ளிங் 1865ஆம் ஆண்டு பம்பாய் மாநகரில் பிறந்தார். 1907இல் நோபல் பரிசு பெற்றார். முதல் உலகப்போர் மூண்டபோது, கண்பார்வைக் குறைவால் படையிற் சேர இயலாதிருந்த தம் ஒரே மைந்தன் ஜானுக்குத் தம் செல்வாக்கினால் இடம் பெற்றுத் தந்தார். 1915இல், பிரான்சு நாட்டு லூஸ் போர்க்களத்தில், பதினெட்டு அகவையே நிரம்பிய அம்மைந்தன் மறைந்தான். பெற்றோர் பல்லாண்டு தேடியும் உடல் கிடைத்திலது.

கிப்ளிங் 1917இல் போர்க்கல்லறை ஆணையத்தில் உறுப்பினரானார். பெயர் அறியப்படாத வீரர்தம் கல்லறைகளிற் பொறிக்கும் தொடரை அவரே அமைத்தளித்தார். படைத்தலைவனுக்கும் எளிய வீரனுக்கும் ஒரே வடிவக் கல் நடுதல் வேண்டும் என்னும் கொள்கையை உறுதியாய் ஆதரித்தார். கல்லறைத் தோட்டங்கள் பலவற்றை நேரிற் சென்று கண்டார். 1927இல் நவ் ஷாப்பேலில் இந்திய வீரர் நினைவகம் திறக்கப்பட்ட விழாவிலும் பங்குகொண்டார்.

மைந்தனின் கல்லறையைக் காணாமலே 1936இல் மறைந்தார். தம் மகனுக்குச் செய்ய இயலாத கடனைப் பிறர் மக்களுக்கெல்லாம் செய்தார் அத்தந்தை.