ராமானுஜரின் துயரம் தீர்த்த பெரியவர்

முகப்பேர், அம்பத்தூர் பக்கத்திலிருந்து காஞ்சீபுரம் போகிறவர்கள் பெரும்பாலும் பூவிருந்தவல்லியைத் தாண்டித்தான் போவார்கள். திருக்கச்சி நம்பிகள் பிறந்த ஊர் அது. அதே சாலையில் இன்னும் மேற்கே இருப்பது ஸ்ரீபெரும்புதூர். அங்கே 1017-ம் ஆண்டில் பிறந்தவர் ராமானுஜர்.

உலகம் போற்றும் அந்த மகானும் இளமையில் பலமுறை மனம் உடைந்து போனவர்தான். அப்போதெல்லாம் அவர் தேடிச் சென்றது நம்பிகளைத்தான் என்று குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன.

நம்பிகள் வணிகர் குலத்தில் பிறந்தவர். பூவிருந்தவல்லியில் நந்தவனம் வைத்து, காஞ்சி வரதராஜப் பெருமாளுக்குப் பூ கொண்டு போனவர். பிறகு காஞ்சியிலேயே தங்கி, பெருமாளுக்கு விசிறி வீசும் தொண்டு செய்தார். பெருமாள் அவரோடு பேசுவார் என்று ஊரார் நம்பினார்கள்.

தண்ணீர்க் குடம்

ராமானுஜர் சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். யாதவப்பிரகாசரிடம் பாடம் கேட்டார். வேதத்துக்குப் பொருள் சொல்வதில் இருவருக்கும் கருத்து வேற்றுமை வளர்ந்தது. கடைசியில் ஆசிரியர் அவரை வெளியே அனுப்பிவிட்டார்.

குருவை இழந்து கலங்கிய ராமானுஜருக்கு நம்பிகள் நீண்ட உபதேசம் செய்யவில்லை. ஒரு வேலை கொடுத்தார். தினமும் சாலைக் கிணற்றிலிருந்து பெருமாளுக்குத் தண்ணீர் சுமந்து வரச் சொன்னார். ராமானுஜர் அப்படியே செய்தார்.

காவிரிக் கரையில் இடி

ஸ்ரீரங்கத்தில் இருந்த ஆளவந்தார், ராமானுஜரை அழைத்துவர ஆள் அனுப்பினார். ராமானுஜர் ஆவலோடு ஓடினார். போய்ச் சேர்ந்தபோது ஆளவந்தார் உயிரோடு இல்லை. துக்கம் தாளாமல், அரங்கநாதரைக்கூடச் சேவிக்காமல் காஞ்சிக்குத் திரும்பினார்.

மறுபடியும் நம்பிகள்தான் ஆறுதல். மறுபடியும் தண்ணீர்க் குடம்தான்.

நம்பிகளையே குருவாகக் கொள்ள ராமானுஜர் விரும்பினார். தம் குலத்தைக் காட்டி நம்பிகள் மறுத்துவிட்டார். அவர் உண்ட மிச்சத்தையாவது உண்போம் என்று ராமானுஜர் அவரை விருந்துக்கு அழைத்தார். நம்பிகளோ ராமானுஜர் வெளியே சென்றிருந்த சமயம் பார்த்து வந்து, சாப்பிட்டுப் போய்விட்டார். ராமானுஜரின் மனைவி தஞ்சமாம்பாள் மிச்ச உணவை யாருக்கோ கொடுத்துவிட்டு, குளித்துப் புதிதாகச் சமைத்தார். குலம் பார்த்து நடந்த இந்தச் செயல் ராமானுஜரின் நெஞ்சைச் சுட்டது.

ஆறு வார்த்தைகள்

தம் மனச் சந்தேகங்களைப் பெருமாளிடம் கேட்டுச் சொல்லும்படி நம்பிகளை வேண்டினார் ராமானுஜர். ஆறு விடைகள் கிடைத்தன. சாகும் நேரத்தில் இறைவனை நினைக்க முடியாமல் போனாலும், சரணடைந்தவனுக்கு வீடுபேறு உண்டு என்பது அவற்றில் ஒன்று. பெரிய நம்பியைக் குருவாக அடைய வேண்டும் என்பது கடைசி விடை.

அவ்வளவுதான். தம்மையே நம்பி வந்தவரைத் தம்மோடு கட்டிப்போடாமல், வேறொருவரிடம் அனுப்பி வைத்தார் நம்பிகள். ராமானுஜர் உடனே புறப்பட்டார். மதுராந்தகத்தில் பெரிய நம்பியைச் சந்தித்துச் சீடரானார்.

அதற்குப் பிறகும் ஏமாற்றங்கள் வந்தன. மந்திரப் பொருள் கேட்கத் திருக்கோட்டியூருக்கு 18 முறை நடந்தார். 17 முறை வெறுங்கையோடு திரும்பினார். ஆனால் நடப்பதை நிறுத்தவில்லை. துக்கத்தோடு குடம் சுமந்து பழகியவர் அல்லவா!

குலம் பார்க்காமல் குருவைத் தேடிய ராமானுஜர், பிற்காலத்தில் எல்லாக் குலத்தாரையும் தம் அடியார்களாக ஏற்றார். அவருக்கு வழிகாட்டிய நம்பிகளுக்குப் பூவிருந்தவல்லி வரதராஜப் பெருமாள் கோயிலில் இன்றும் சந்நிதி இருக்கிறது.